ஒத்திகையே இல்லாத நாடகம்: கேள்வி பதில்

கிராமத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் அப்படி என்ன ஸ்பெஷல்?

ஆள் சேர்க்கும் விதம்தான். நாடகக் கம்பெனி என்றால் முதலாளி, சம்பளம், ஒரே இடத்தில் சாப்பாடு, விடாமல் ஒத்திகை. ஸ்பெஷலில் ஒவ்வொருவரையும் அந்த ஒரு ராத்திரிக்குத் தனித்தனியாகப் பேசுவார்கள். ராஜபார்ட் (கதாநாயகன்) மதுரையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) புதுக்கோட்டையிலிருந்து. அரிதாரம் பூசும்போதுதான் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதும் உண்டு.

அப்புறம் எப்படிக் குளறாமல் நடக்கிறது?

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) புண்ணியம். அவருடைய 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' எல்லாம் இந்த நடிகர்களுக்கு மனப்பாடம். வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டும் ஆலோலம் பாடுவாள், நாரதர் வருவார், இருவருக்கும் தர்க்கம் நடக்கும். வரிசை தெரியும். தர்க்கத்தில் யார் எதைக் கிளப்புவார் என்பதுதான் தெரியாது. நாரதர் ஒரு செய்யுளை எடுத்துவிட்டால் வள்ளி சளைக்காமல் பதில் தர வேண்டும். திணறினால் முன்வரிசைப் பெரிசுகள் சும்மா இருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் இழுத்துப் பிடிப்பவர் ஆர்மோனியக்காரர். நடிகர் எந்தச் சுருதியில் எடுத்தாலும் பெட்டியில் பிடித்துக்கொண்டு பின்பாட்டும் பாடுவார். நடிகர் மூச்சு வாங்கும் நேரத்தில் இவர் அடியைத் திருப்பிப் பாடுவார். அதற்குள் அடுத்த வரி நடிகருக்கு ஞாபகம் வந்துவிடும். என்னைக் கேட்டால் அன்றைய டைரக்டர் அவர்தான்.

சுவாமிகள் சிறுவர்களை வைத்தும் நாடகம் போட்டாரா?

போட்டார். 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா அவருடையது. பின்னாளில் பேர்பெற்ற நாடகக்காரர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே தயாரானவர்கள்தான். அவர்களில் ஒருவரான சிறுவன் டி.கே. சண்முகத்துக்காக 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று சண்முகமே பதிவு செய்திருக்கிறார்.

இன்னொரு நாடக ஆசிரியரான பம்மல் சம்பந்த முதலியாரும் இதே வகையா?

இல்லை. அவர் 1891-இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபா, படித்தவர்கள் பொழுதுபோக்காக நடித்த இடம். அங்கே வசனம் முன்னால், பாட்டு பின்னால்.

வள்ளி கதைக்குள் சுதந்திரப் போராட்டம் எப்படி நுழைந்தது?

தினைப்புனம் வழியாகத்தான்! வள்ளி கதை என்றால் பறவை விரட்ட வேண்டுமே. நாடக நடிகர் விசுவநாத தாஸ் 'கொக்கு பறக்குதடி' என்று பாடினால் எந்த வெள்ளைக் கொக்கைச் சொல்கிறார் என்று ஜனங்களுக்குப் புரிந்துவிடும், போலீசுக்கும் புரிந்துவிடும். பலமுறை சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருந்தவர் மேடையிலேயே இறந்தார்.

இப்போது எங்கே பார்க்கலாம்?

மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் திருவிழாச் சமயத்தில் பாருங்கள். பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தால் விடியும் வரை போகும். கோமாளியான பபூன் வந்து போனதும் எழுந்துவிடாதீர்கள், தர்க்கம் அதற்கப்புறம்தான். ஆர்மோனியம் இருக்கும் பக்கமாக இடம் பிடியுங்கள்.