பிறந்தநாள் பரிசாக ரயில் டிக்கெட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: வேண்டியவர்களின் பிறந்தநாளுக்கு ரயில் பயணத்தைப் பரிசாகக் கொடுப்பது. நல்ல எண்ணம். ஆனால் டிக்கெட் என்பது பெயர், வயது, தேதி, ஏறும் நிலையம் எல்லாம் எழுதி முடித்த ஒப்பந்தம். புடவை போல மறுநாள் கடைக்குப் போய் மாற்றிக்கொள்ள முடியாது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது நிறைகிறது. ராமேஸ்வரம் கூட்டிப்போகலாம் என்று அவருக்கும் எனக்கும் (வயது 34) ஸ்லீப்பரில் ஒரே டிக்கெட்டாகப் போட்டேன். அவருக்கு அப்பர் பெர்த் வந்திருக்கிறது. முதியவர்களுக்குத் தானாகவே லோயர் கிடைக்கும் என்றார்களே? – மயிலாடுதுறை வாசகி

பதில்: பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். லோயர் பெர்த்துக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆனால் அந்த வயதுக்காரர் தனியாகவோ, அதே தகுதியுள்ள இருவராகவோ ஒரு டிக்கெட்டில் இருந்தால்தான் அந்த ஒதுக்கீடு வேலை செய்யும். தகுதி இல்லாத ஒருவர் கூடச் சேர்ந்தாலும், முதியவர்களே மூன்று பேர் ஆனாலும், கணினி அந்த ஒதுக்கீட்டைக் கணக்கில் எடுக்காது. உங்கள் அம்மாவின் வயது சரிதான். உங்களையும் அதே டிக்கெட்டில் சேர்த்ததுதான் சிக்கல்.

அடுத்த முறை ரயில்வேயின் இணைய டிக்கெட் தளமான ஐஆர்சிடிசி-யில் ஒதுக்கீட்டுப் பட்டியலில் 'லோயர் பெர்த் / சீனியர் சிட்டிசன்' என்பதைத் தேர்ந்து அவருக்கு மட்டும் முதலில் டிக்கெட் எடுங்கள். கிடைத்த பெட்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, உங்களுக்குப் பொது ஒதுக்கீட்டில் எடுக்கும்போது விருப்பப் பெட்டி என்ற கட்டத்தில் அதே எண்ணைப் போடுங்கள். அதே பெட்டி கிடைக்கும் என்று உறுதி இல்லை, ஆனாலும் போடாமல் விடாதீர்கள். எல்லோருக்கும் ஒரே டிக்கெட்தான் வேண்டும் என்றால், 'லோயர் பெர்த் கிடைத்தால் மட்டும் பதிவு செய்' என்ற தேர்வும் அங்கேயே இருக்கிறது.

இப்போது எடுத்துவிட்ட டிக்கெட்டுக்கு ஒரே வழிதான். வண்டி கிளம்பியதும் டிக்கெட் பரிசோதகரான டிடிஇ-யிடம் சொல்லுங்கள். காலியாக விழும் லோயர் பெர்த்தை முதியவர்கள், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு மாற்றிக் கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. அதை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள்.

இன்னொன்று. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் கடலைப் பார்க்கத்தான் அம்மாவுக்கு ஆசை என்றால், பாலத்துக்கு முந்தைய மண்டபம் நிலையத்தில் வண்டி எத்தனை மணிக்கு நிற்கிறது என்று அட்டவணையில் பாருங்கள். இரவு வண்டி விடியும் முன்பே பாலத்தைக் கடந்துவிட்டால் அவர் இருட்டைத்தான் பார்ப்பார்.

கேள்வி: கணவருக்குத் தெரியாமல் டிக்கெட் எடுக்க முடியுமா?

பதில்: முடியும். பதிவு செய்யும்போது உங்கள் கைபேசி எண்ணைக் கொடுங்கள். குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குத்தான் போகும். வண்டி ரத்து, தாமதம் பற்றிய தகவலும் அதற்குத்தான் வரும் என்பதால், அவர் மட்டும் தனியாகப் பயணம் செய்தால் நீங்கள் விழித்திருந்து அவருக்குச் சொல்ல வேண்டும். அவருடைய அடையாள அட்டை அசலாக அவர் பையில் இருக்கட்டும். ஒரே டிக்கெட்டில் பலர் போனால் யாராவது ஒருவரிடம் இருந்தால் போதும்.

கேள்வி: 10ஆம் தேதி தங்கையின் பிறந்தநாள். இரவு 12.10 வண்டிக்கு 10ஆம் தேதி டிக்கெட். 10ஆம் தேதி இரவு ஸ்டேஷனுக்குப் போனால் வண்டி முந்தின இரவே போய்விட்டது என்கிறார்கள். பணம் திரும்ப வருமா?

பதில்: வராது. 00.10 என்றால் 10ஆம் தேதி பிறந்து பத்து நிமிடம். 9ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். டிக்கெட்டில் நேரம் 24 மணிக் கணக்கில் தெளிவாக அச்சாகிறது. எத்தனை முறைதான் இதை எழுதுவது?

கேள்வி: பேரனின் எட்டாவது பிறந்தநாளுக்கு ஊட்டி மலை ரயில். எப்போது பார்த்தாலும் மேட்டுப்பாளையத்திலிருந்து இடம் இல்லை. என்ன செய்வது? – திண்டுக்கல் தாத்தா

பதில்: ஐயா, பார்க்கிற நாள்தான் பிரச்சினை. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். ஆகஸ்ட் 31 பயணத்துக்கு முன்பதிவு ஜூலை 2 காலை 8 மணிக்குத் திறக்கும். பொங்கலன்று ஜனவரி 14 பயணம் என்றால் நவம்பர் 15. மலை ரயிலில் இருக்கைகள் மிகக் குறைவு, சனி ஞாயிறு என்றால் திறந்த வேகத்தில் தீரும். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பை ஒரு வாரம் முன்பே முடித்துவையுங்கள். முன்பதிவு திறக்கும் வேளையில் அது இல்லாத கணக்கு உதவாது. பயணிகளின் பெயர், வயதை 'மாஸ்டர் லிஸ்ட்'டில் முன்னாடியே சேர்த்துவைத்தால் தட்டச்சு நேரம் மிஞ்சும்.

அப்படியும் கிடைக்கவில்லை என்றால் குன்னூர்–ஊட்டி எடுங்கள். அந்தப் பகுதியில் நாளுக்குப் பல வண்டிகள் ஓடுகின்றன, இடம் கிடைப்பது எளிது. ஆனால் என்ன வாங்குகிறீர்கள் என்று தெரிந்து வாங்குங்கள். தண்டவாளத்துக்கு நடுவே பல் சட்டத்தில் பற்சக்கரம் கடித்து ஏறுவது கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான். நீராவி என்ஜினும் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைதான். அதற்கு மேல் டீசல். பேரன் எதிர்பார்ப்பது புகைவிடும் என்ஜின் என்றால், அது இல்லாமல் போய் இறங்கி முகம் வாடிவிடும்.

ஏறும் பயணம் சுமார் 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும். இறக்கம் அதைவிடக் குறைவு. பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. என்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும் நிலையங்களில்தான் இறங்க வேண்டும் என்பதைக் குழந்தைக்கு முன்பே சொல்லிவையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவால் ரத்து அடிக்கடி நடக்கும். ரயில்வே வண்டியை ரத்து செய்தால் இணைய டிக்கெட்டின் கட்டணம் தானாகவே முழுதாகத் திரும்பும், இணையப் பதிவுக் கட்டணம் மட்டும் வராது. ஊட்டி விடுதிக்குக் கட்டிய பணத்துக்கு ரயில்வே பொறுப்பல்ல. எனவே அந்த மாதங்களில் ரத்து செய்ய இடம் தரும் அறையாகப் பார்த்து எடுங்கள்.

கேள்வி: வெயிட்டிங் லிஸ்ட் 14. கவரில் போட்டுப் பரிசாகக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. வண்டி கிளம்பும் முன் போடும் இறுதிப் பயணிகள் பட்டியல் (சார்ட்) தயாரானபோதும் வெயிட்டிங்கிலேயே நின்றால் இணைய டிக்கெட் தானாக ரத்தாகிவிடும். அவர் பெட்டி கட்டி வைத்திருப்பார், டிக்கெட் இருக்காது.

கேள்வி: கைபேசிச் செயலி ஒன்றில் அப்பாவின் பிறந்தநாளுக்கு டிக்கெட் எடுத்தேன். முதலில் காட்டியது 1,150 ரூபாய். கடைசியில் கட்டியது 1,420. டிக்கெட்டில் 1,150தான் அச்சாகியிருக்கிறது. மீதி எங்கே போனது? – திருப்பூர் வாசகர்

பதில்: 'இலவச ரத்து', 'உறுதி டிக்கெட் உத்தரவாதம்', 'சேவைக் கட்டணம்'. இந்த மூன்றில் ஒன்றோ மூன்றுமோ உங்கள் கூடையில் விழுந்திருக்கும். பணம் கட்டும் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு பெட்டி ஏற்கெனவே டிக் ஆகி இருக்கும். வேண்டாம் என்பதைச் சாம்பல் நிறத்தில் சின்ன எழுத்தில் வைத்திருப்பார்கள். அதை அழுத்தினால் 'என் பணத்துக்கு ஆபத்து இருந்தாலும் பரவாயில்லை' என்று நம் வாயாலேயே சொல்ல வைக்கும் வாசகம் வரும். இந்தப் பெட்டியைக் கவனிக்காமல் நானும் இரண்டு முறை பணம் கட்டியிருக்கிறேன். அதனால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இதைச் சட்டம் கண்டிருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிமுறைகளில், வாங்குபவரை ஏய்க்கும் 13 வகைத் திரைத் தந்திரங்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, வேண்டாம் என்பவரை வெட்கப்படுத்துவது, விலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைசியில் ஏற்றுவது மூன்றும் அதில் பெயர் சொல்லி இருக்கின்றன. கொள்முதலுக்கு முந்தைய திரைகளைப் படம் பிடித்து வைத்திருந்தால் உங்கள் கையில் சாட்சி இருக்கிறது. முதலில் அந்தச் செயலியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைக்கு அங்கே கட்டணமே இல்லை. 270 ரூபாய்க்கு யார் போவார்கள் என்று எல்லோரும் நினைப்பதால்தான் அந்தப் பெட்டி டிக் ஆகியே இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க: ஐஆர்சிடிசி தளத்திலேயே எடுத்தால் யுபிஐ மூலம் கட்டும்போது ஒரு டிக்கெட்டுக்கு ஏசி அல்லாத வகுப்புக்கு 10 ரூபாய், ஏசிக்கு 20 ரூபாய். மற்ற வழிகளில் 15, 30. ஜிஎஸ்டி தனி. இந்தக் கட்டணம் தலைக்கு அல்ல, டிக்கெட்டுக்கு. 'இலவச ரத்து' வாங்கத்தான் வேண்டும் என்றால் இரண்டே கேள்வி கேளுங்கள்: வண்டி கிளம்ப எத்தனை மணி நேரம் முன்பு வரை செல்லும்? பணமாக வருமா, கூப்பனாக வருமா?

கேள்வி: முகநூலில் விளம்பரம் பார்த்து, மறைந்த கணவரின் நினைவாக மகளின் பிறந்தநாளுக்கு மலை ரயில் பயணம் என்று 6,800 ரூபாய் கட்டினேன். டிக்கெட் படம் அனுப்பினார்கள். ஸ்டேஷனில் அது போலி என்றார்கள். இப்போது அந்த எண் அணைந்திருக்கிறது. மகள் முன்னால் தலைகுனிந்து நின்றேன்.

பதில்: அம்மா, தலைகுனிய வேண்டியது நீங்கள் அல்ல. இன்றே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை அழையுங்கள். பணம் கைமாறிய உடனே சொன்னால் அந்தக் கணக்கை முடக்க வழி உண்டு, தாமதமானாலும் புகார் அவசியம். அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யுங்கள். பரிவர்த்தனை எண், அவர்கள் அனுப்பிய படம், விளம்பரத்தின் படம், பேசிய கைபேசி எண் நான்கும் வேண்டும். உங்கள் வங்கிக்கும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். அந்த உரையாடலை அழிக்காதீர்கள்.

மற்றவர்களுக்கு: யார் டிக்கெட் அனுப்பினாலும் அதிலுள்ள 10 இலக்க முன்பதிவு எண்ணை (பிஎன்ஆர்) ரயில்வே விசாரணை எண்ணான 139க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பியோ, ரயில்வே விசாரணைத் தளத்தில் போட்டோ பாருங்கள். அசலாக எடுத்து, உங்களிடம் காட்டிவிட்டு, பின்னால் ரத்து செய்து பணத்தைச் சுருட்டுபவர்களும் உண்டு. ஆகவே கிளம்பும் முந்தைய நாள் மறுபடி பாருங்கள். முகவரிடம் எடுத்தால் உங்கள் கைபேசி எண்ணையே பதிவில் கொடுக்கச் சொல்லுங்கள். அங்கீகாரம் பெற்ற முகவர் வழி எடுத்த டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்புவதற்கான ஓடிபி பயணியின் எண்ணுக்கு வரும். முகவர் தன் எண்ணைப் போட்டால் அந்தக் காவல் போய்விடும். தனிநபர் கணக்கில் எடுத்த டிக்கெட்டை லாபத்துக்கு விற்பது ரயில்வே சட்டம் 143ஆம் பிரிவின்படி குற்றம்.

கேள்வி: நண்பனுக்குப் பரிசாக எடுத்த டிக்கெட்டில் அவனால் போக முடியவில்லை. அதே டிக்கெட்டில் நான் போகலாமா?

பதில்: கூடாது. இப்படிப்பட்ட டிக்கெட்டில் பெயர் மாற்றம் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், மகன், மகள், கணவன், மனைவிக்கு மட்டும். அதுவும் ஒரே முறை, வண்டி கிளம்ப 24 மணி நேரம் முன்பு, உறவுக்கான ஆதாரத்தோடு முன்பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து. நட்புக்கு அங்கே இடமில்லை. ரத்து செய்யுங்கள். நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறும், எனவே இந்தப் பதிலைப் படித்த உடனே. கடைசி நேர ஒதுக்கீடான தட்கலில் எடுத்த உறுதியான டிக்கெட் என்றால் ஒன்றும் திரும்பாது.

கேள்வி: மகளுக்குப் பயணத்தன்று 5 வயது நிறைகிறது. டிக்கெட் வேண்டுமா?

பதில்: வேண்டும். 5 வயதுக்குக் கீழ் என்றால்தான் இலவசம். 5 முதல் 12க்குள் தனி பெர்த் வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம், வேண்டும் என்றால் முழுக் கட்டணம். ஏசி சேர் காரில் பாதி என்ற பேச்சே இல்லை.

கேள்வி: ஓடும் வண்டியில் கேக் வெட்டலாமா? பயண கிஃப்ட் கார்டு கொடுப்பது நல்லதா?

பதில்: கேக் வெட்டலாம், மெழுகுவர்த்தி கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்ற சுற்றுலாப் பெட்டியில், கொண்டுவந்த எரிவாயு சிலிண்டரால் பிடித்த தீயில் 9 பேர் இறந்தார்கள். பெட்டிக்குள் நெருப்புக்கு எந்தக் காரணமும் போதாது. கேக்கை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், அல்லது ஐஆர்சிடிசி-யின் இ-கேட்டரிங்கில் பிஎன்ஆர் கொடுத்து வழியிலுள்ள பெரிய நிலையத்தில் இருக்கைக்கே வரவழைக்கலாம். இரண்டு நிமிடம் நிற்கும் நிலையத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கிஃப்ட் கார்டு விஷயத்தில் ஒரு பயண நிறுவனத்தின் கார்டை நம்பி நான் வாங்கியது விமானத்துக்கும் விடுதிக்கும் மட்டும்தான் சென்றது, ரயிலுக்குச் செல்லவில்லை. 'எதற்குச் செல்லும், எப்போது காலாவதி' என்ற இரண்டு வரியை வாங்கும் முன் படியுங்கள். அதைவிட, ஒரு வாழ்த்து அட்டையில் ஊர் பெயரையும் வகுப்பையும் எழுதிக் கொடுத்து, தேதியை அவரே சொல்லட்டும் என்று விட்டுவிடுங்கள். அவர் சொன்ன நாளிலிருந்து 60 நாள் பின்னோக்கி எண்ணி, காலை 8 மணிக்கு நீங்கள் உட்காருங்கள்.