மாவு பொங்கவில்லை, துணி வெளுக்கவில்லை: பெங்களூரு வாசகர் கேள்வி-பதில்

பெங்களூரில் குடியேறிய இளம் குடும்பங்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். இந்த ஊர்க் குளிரும் தண்ணீரும் நம் ஊர்க் கைப்பக்குவத்தை மாற்றிவிடும். அதனால் என்ன செய்வது என்பதோடு, ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறோம்.

சேலத்தில் அம்மா போடும் அதே அளவில்தான் அரைக்கிறேன். டிசம்பர் வந்தால் மாவு பொங்குவதே இல்லை. பாத்திரத்துக்குப் போர்வை சுற்றி வைத்தும் பயனில்லை. பாக்கெட் மாவு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை.
— வாசகி, ஸ்ரீராமபுரம்

போர்வைக்குச் சூடு உண்டாக்கத் தெரியாது. உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடாமல் வைக்கத்தான் தெரியும். குளிர்ந்த மாவைச் சுற்றி வைத்தால் அது விடிய விடியக் குளிர்ந்தபடியேதான் இருக்கும். மாவு நன்றாகப் பொங்க 28 முதல் 32 டிகிரி வெப்பம் வேண்டும். பெங்களூரின் டிசம்பர், ஜனவரி இரவுகள் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடுகின்றன. ஆகவே மாவு கிரைண்டரிலிருந்து வெளியே வரும்போதே வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

நாலு கப் இட்லி அரிசி, ஒரு கப் முழு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். ஊறவைக்கும் முன்பே உளுந்தைக் கழுவிவிடுங்கள். ஊறிய பிறகு மறுபடி மறுபடி அலச வேண்டாம். மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிரிகள் பெரும்பாலும் உளுந்தோடுதான் வருகின்றன. ஊறிய தண்ணீரையே அரைக்கவும் பயன்படுத்துங்கள். உளுந்துக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர்தான். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரை மணி நேரம் ஆட்டுங்கள். ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் காற்று ஏறவில்லை என்று பொருள். அந்த மாவு பொங்கினாலும் இட்லி கல்லாகத்தான் வரும்.

அரிசிக்கு நேர்மாறு. கடைசிப் பத்து நிமிடம் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் விட்டு அரையுங்கள். இரண்டையும் கையாலேயே நன்றாகக் கலக்குங்கள். பழைய மாவு இருந்தால் இரண்டு டேபிள்ஸ்பூன் சேர்க்கலாம். குளிர்காலத்தில் அது பெரிய துணை. உப்பை முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா என்று பலர் கேட்கிறார்கள். வெப்பம் சரியாக இருந்தால் இரண்டும் சரிதான்.

இனி பெட்டி. மெடிக்கல் ஷாப்களுக்கு மருந்து வந்து இறங்கும் தெர்மோகோல் பெட்டிகளைக் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். மாவுப் பாத்திரம் பாதி மட்டும் நிரம்பியிருக்கட்டும். அதைப் பெட்டியில் வைத்து, இரண்டு ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில்களில் வெந்நீர் நிரப்பிப் பக்கத்தில் வையுங்கள். பாட்டில் பாத்திரத்தைத் தொடக் கூடாது. தொட்டால் அந்தப் பக்கத்து மாவு மட்டும் புளித்துவிடும். படுக்கப் போகுமுன் ஒருமுறை வெந்நீரை மாற்றினால் 10 முதல் 12 மணி நேரத்தில் மாவு எழும்பிவிடும்.

மிக்ஸியில் அரைப்பவர்கள் ஜாரைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் நிறுத்தி ஆறவிட வேண்டும். அதிகச் சூட்டில் மாவு பிறகு பொங்காது. ஆப்பசோடா போட்டுச் சமாளிக்க வேண்டாம். அது தானியத்திலுள்ள பி1 வைட்டமினை அழித்துவிடும். மேலே சொன்ன அளவு சுமார் ஒரு கிலோ தானியம். இரண்டரை கிலோ மாவு வரை கிடைக்கும், 50 இட்லிக்குக் குறையாது. உங்கள் கடை பாக்கெட் விலையோடு நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளியல் சோப்பைத் துருவி, சலவை சோடா கலந்து வீட்டிலேயே வாஷிங் பவுடர் செய்தேன். மூன்று மாதத்தில் வெள்ளைத் துணி எல்லாம் பழுப்பேறிவிட்டது, துண்டு அட்டை போல விறைக்கிறது. அளவு தவறா?
— வாசகர், மாரத்தஹள்ளி

அளவில் தவறில்லை. அந்தச் செய்முறையே உங்கள் தண்ணீருக்கு ஒத்துவராது. தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

சோப்பு வேறு, டிடர்ஜென்ட் வேறு. போர்வெல், டேங்கர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். சோப்பு அவற்றோடு சேர்ந்து கரையாத பிசுக்காகி நூலிழையில் படிகிறது. பழுப்பும் விறைப்பும் அதனால்தான். டிடர்ஜென்ட் அப்படிப் படியாத மாதிரி தயாரிக்கப்பட்டது. காவிரித் தண்ணீர் ஓரளவு மென்மையானது; அங்கே உங்கள் பவுடர் இவ்வளவு கெடுதல் செய்திருக்காது. 2024 அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கிய பிறகு வெளிப்பகுதிகள் பலவற்றுக்கும் குழாய் வந்திருக்கிறது. ஆனாலும் பல அபார்ட்மென்ட் சம்ப்களில் இரண்டு தண்ணீரும் கலந்தே விழுகின்றன.

உங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதிப்பது எளிது. குளியல் சோப்பைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் பாதி குழாய்த் தண்ணீர் பிடித்து, அந்தக் கரைசலில் பத்துச் சொட்டு விட்டுக் குலுக்குங்கள். நுரை கட்டி நின்றால் நல்ல தண்ணீர். நுரையில்லாமல் பால் போலக் கலங்கித் திரிதிரியாக மிதந்தால் உப்புத் தண்ணீர். இதற்கு ஹேண்ட்வாஷ் உதவாது. பெரும்பாலானவை டிடர்ஜென்ட் வகை, எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும்.

மிச்சம் பிடிக்க வழி இதுதான். வாளித் தண்ணீரில் முதலில் ஒரு டேபிள்ஸ்பூன் சலவை சோடாவைக் கரைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கடை டிடர்ஜென்டை வழக்கமான அளவில் மூன்றில் இரண்டு பங்கு போட்டாலே போதும். பட்டு, கம்பளிக்குச் சோடா ஆகாது. அலுமினியப் பாத்திரத்திலும் கரைக்காதீர்கள், அரித்துவிடும்.

பழுப்பேறிய துணிக்கு: பத்து லிட்டர் தண்ணீரில் இரண்டு டேபிள்ஸ்பூன் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து அரை மணி ஊறவைத்து அலசுங்கள். பிறகு தனியாக வெந்நீர், சலவை சோடா, டிடர்ஜென்ட் போட்டுத் துவையுங்கள். எலுமிச்சை உப்பையும் சோடாவையும் ஒரே வாளியில் போட்டால் பொங்கி நுரைக்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஒன்றையொன்று முறித்து இரண்டும் வீணாகிவிடும்.

வீட்டில் செய்தே ஆக வேண்டும் என்றால் பூந்திக்கொட்டை இருக்கிறது. கொட்டை நீக்கிய 15 தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, கால் மணி கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். பட்டுப் புடவைக்கும் ஸ்வெட்டருக்கும் அருமையானது. வெள்ளைத் துணியில் லேசாகச் சாயம் இறங்கும், வேண்டாம். ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும்.

எலுமிச்சை உப்பால் குழாயில் படியும் வெள்ளைக் காரையும் போகுமா?
— வாசகி, கே.ஆர்.புரம்

போகும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு இரண்டு டேபிள்ஸ்பூன். துணியை நனைத்துக் குழாயில் சுற்றி அரை மணி கழித்துத் தேய்த்துக் கழுவுங்கள். கெட்டிலுக்கு லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் போதும். கொதிக்கவைக்காதீர்கள். சூடு அதிகமானால் கால்சியம் வேறொரு கரையாத வெள்ளைப் படிவாக மாறி மறுபடி ஒட்டிக்கொள்ளும். பளிங்கு, மொசைக், பழைய வீடுகளின் ரெட் ஆக்சைடு தரை இவற்றில் ஒரு சொட்டும் விழக் கூடாது, பளபளப்பு போய்விடும். பிளீச்சோடு எந்தப் புளிப்புப் பொருளையும் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

குழந்தைக்கு நாலு மாதம். டயப்பர் செலவு தாங்கவில்லை. பழைய வேட்டியில் துணி நாப்பி தைக்கலாமா? எத்தனை வேண்டும்?
— வாசகி, எலக்ட்ரானிக் சிட்டி

தைக்கலாம். துவைத்துத் துவைத்து மெத்தென்றான வேட்டிக்கு ஈடான துணி கடையில் கிடைக்காது. எட்டு முழ வேட்டி ஒன்றில் 60 சென்டிமீட்டர் சதுரமாக 12 துண்டு வரும். கரையைக் கத்தரித்துவிடுங்கள், சரிகை தொடையைக் கீறும். இரண்டு வேட்டி, 24 துண்டு இருந்தால் தினம் ஒரு துவைப்பில் சமாளிக்கலாம். மழைக்காலத்துக்கு இன்னொரு டஜன் வேண்டும். ஓரத்தை மெல்லிசாக மடித்துத் தைத்து, தையல் வெளிப்பக்கம் வருமாறு கட்டுங்கள். ஊக்கு வேண்டாம், நாடா போதும். இரவுக்கு, பழைய டர்க்கி டவலை 12-க்கு 35 சென்டிமீட்டராக மூன்று மடிப்பு வைத்துத் தைத்து நடுவில் வையுங்கள்.

துணி நாப்பியில் புண் வந்தால் பெரும்பாலும் காரணம் துவைப்பில் இருக்கும். டிடர்ஜென்ட் மிச்சம் நூலில் தங்கிவிடுகிறது. கூடுதலாக ஒரு தடவை அலசுங்கள். வாசனைக்காகப் போடும் சாஃப்ட்னர் வேண்டவே வேண்டாம். அது நூலின் மேல் படலம் கட்டி, ஈரம் உறிஞ்சவிடாமல் செய்துவிடும். ஈர நாப்பியை மூடிய வாளியில் ஒரு நாளுக்கு மேல் போட்டுவைக்காதீர்கள்.

பயணத்துக்கும், உடம்பு முடியாத இரவுக்கும் கடை டயப்பர் போடுவதில் குற்றம் ஒன்றுமில்லை. தாயின் தூக்கமும் சேமிக்க வேண்டியதுதான். உபயோகித்ததைச் செய்தித்தாளில் சுற்றிச் சிவப்புக் குறி போட்டுத் தனியாகக் கொடுங்கள். குப்பை பிரிப்பவர்கள் கையால் திறக்காமல் இருக்க அது உதவும்.

ஏழு மாதக் குழந்தைக்குச் சத்துமாவு செய்ய இருபத்தைந்து பொருள் பட்டியல் ஒன்று கிடைத்தது. எல்லாம் சேர்க்கலாமா?
— வாசகி, அல்சூர்

வேண்டாம். இருபத்தைந்தில் ஒன்று ஒத்துக்கொள்ளாமல் தடித்தாலோ வயிறு போனாலோ எது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. மூன்று பங்கு ராகி, ஒரு பங்கு பாசிப்பருப்பு போதும். முதலில் ராகி மட்டும், மூன்று நாள் கழித்துப் பருப்பு. பாதாம், முந்திரி, வேர்க்கடலை எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக, நைசாகப் பொடித்துத்தான்.

ராகியை நாலைந்து தண்ணீரில் கல் போக அரித்து, 10 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வடித்து, துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். வெயில் காலத்தில் ஒரு நாளில் முளைக்கும், குளிரில் ஒன்றரை நாளாகும். கொழகொழவென்று ஆகிப் புளித்த வாடை வந்தால் தண்ணீர் சரியாக வடியவில்லை. அதைக் காப்பாற்ற முயலாதீர்கள், கொட்டிவிடுங்கள். பல்லில் கடித்தால் டக்கென்று உடையும்வரை வெயிலில் காயவைத்து, கையால் கசக்கி முளையை உதிர்த்துப் புடையுங்கள். முளை இருந்தால் கசக்கும். ராகியையும் பருப்பையும் தனித்தனியே சிறு தீயில் வாசம் வரும்வரை வறுங்கள். மில்லில் அரிசியோ ராகியோ அரைத்து முடித்த நேரமாகக் கேட்டுப் போங்கள். மிளகாய்க்குப் பின்னால் போனால் குழந்தை வாயில் வைக்காது. அரைத்த மாவைத் தாளில் பரப்பி முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து, பூசணம் பிடிக்கும்.

முளைகட்டிய ராகிக் கஞ்சி இளகிப் போகிறதே என்று கவலைப்பட வேண்டாம். முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால் அப்படி ஆகிறது. அதே பதத்துக்கு அதிக மாவு கொள்ளும் என்பதால் சின்ன வயிற்றுக்கு அது நல்லதே. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து எட்டு நிமிடம் கிளறி, கரண்டியில் நிற்கும் பதத்தில் இறக்கி, அரை டீஸ்பூன் நெய் விடுங்கள். ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை தேவையில்லை. தேன் ஒரு துளியும் கூடாது; அதிலிருக்கும் கிருமி வித்துகள் கைக்குழந்தைக்கு போட்டுலிசம் என்னும் நரம்பு நோயைக் கொண்டுவரக்கூடும். ராகியில் கால்சியம் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, இரும்புச்சத்து அந்த அளவுக்கு இல்லை. அதனால் பருப்பு, கீரை, முட்டை மஞ்சள் கரு ஆகியவற்றையும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சேர்த்துவாருங்கள்.

வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது என்கிறார் ஓனர். ஜன்னலுக்குக் கொசுவலை எப்படி?
— வாசகர், மர்பி டவுன்

வெல்க்ரோதான் வழி. ஜன்னல் சட்டத்தை அளந்து, நாலு பக்கமும் இரண்டரை சென்டிமீட்டர் கூடுதலாக ஃபைபர் வலை வாங்குங்கள். சிக்பேட்டையில் சுற்றினால் வலையும் வெல்க்ரோவும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். சொரசொரப்பான பட்டை சட்டத்தில், மெத்தென்ற பட்டை வலையில். மாற்றி வைத்தால் துவைக்கும்போது சொரசொரப்பு வலையைப் பிடித்து நூல் நூலாக இழுத்துவிடும். வலையில் பசையை நம்பாதீர்கள், தைத்துவிடுங்கள்.

சட்டத்தை ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட்டு ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க விட்ட பிறகே வலையை மாட்ட வேண்டும். அன்றே மாட்டுவதால்தான் பலருக்கு ஒரு வாரத்தில் மூலை பெயர்ந்து வருகிறது. சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒட்டாது. மரம், இரும்பு, அலுமினியச் சட்டத்தில் மட்டும்தான் நிற்கும். காலி செய்யும்போது ஹேர் டிரையரால் பட்டையைச் சூடுகாட்டி மெதுவாக உரியுங்கள். மிச்சப் பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் பெயின்ட் உரியாமல் வந்துவிடும். அட்வான்ஸில் கழிக்க ஓனருக்குக் காரணம் இருக்காது.