விவாகரத்துக்குப் பின் சொத்தும் கடனும்: கோர்ட் அவமதிப்பா, நிறைவேற்று மனுவா?

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன் மதுரை குடும்ப நல நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்து வாங்கினோம். ஃப்ளாட்டில் தன் பாதிப் பங்கை மூன்று மாதத்துக்குள் எனக்கு எழுதித் தருவதாகவும், இருவர் பெயரிலும் உள்ள வீட்டுக் கடனைத் தானே கட்டுவதாகவும், என் நகையை விற்று எடுத்துக்கொண்ட 3 லட்ச ரூபாயைத் திருப்பித் தருவதாகவும் என் முன்னாள் கணவர் ஒப்புக்கொண்டார். எதையும் செய்யவில்லை. பேங்கிலிருந்து எனக்குத்தான் போன் வருகிறது. “கோர்ட் அவமதிப்பு போடு, உள்ளே தள்ளிடுவாங்க” என்கிறார்கள். போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். தன் உத்தரவை ஒருவர் வேண்டுமென்றே மீறினாரா என்பதுதான் அவமதிப்பு வழக்கில் நீதிமன்றத்தின் கவலை. அவருக்குத் தண்டனை கிடைத்தாலும் ஃப்ளாட் உங்கள் பெயருக்கு மாறிவிடாது. 1971-ம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி அதிகபட்சத் தண்டனை ஆறு மாத வெறுங்காவல் அல்லது 2,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். பெரும்பாலானவர்கள் அந்தக் கட்டம் வரை போவதில்லை. மன்னிப்புக் கேட்டு, நிறைவேற்ற அவகாசம் கேட்பார்கள்.

உங்களுக்கு வேண்டியது பத்திரமும் பணமும். அதற்கான வழி, தீர்ப்பை அமல்படுத்தித் தரக் கேட்கும் நிறைவேற்று மனு, கோர்ட் வளாகத்தில் எல்லோரும் சொல்லும் ‘இ.பி.’. குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 1984-ன் 18-வது பிரிவின்படி, அந்த நீதிமன்றத்தின் டிகிரிக்கு (தீர்ப்பாணைக்கு) சிவில் கோர்ட் டிகிரிக்கு உள்ள அதே பலம் உண்டு. நீங்கள் எந்த மதத்துச் சட்டப்படி திருமணம் செய்திருந்தாலும் இது பொருந்தும்.

முதல் வேலையாக டிகிரியின் சான்றிட்ட நகலை எடுத்துவைத்து வரிவரியாகப் படியுங்கள். சமரச ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் டிகிரியின் பகுதியாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா? “திருமணம் ரத்து செய்யப்படுகிறது” என்று மட்டும் இருந்து, நிபந்தனைகள் தனியாக ஒரு மெமோவில் கிடந்தால் இ.பி.யிலேயே சிக்கல் வரும். அடுத்து, அவர் நீதிமன்றத்திடம் ‘உறுதிமொழி’ கொடுத்ததாக ஏதாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் இருவருக்குள் ஒப்புக்கொண்டது வேறு, நீதிபதியிடம் உறுதி சொன்னது வேறு. உறுதிமொழி இல்லாத வெறும் சமரச உத்தரவை மீறுவது அவமதிப்பு ஆகாது என்று 1979-ல் பாபு ராம் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2006-ல் ரமா நாரங் வழக்கில், இ.பி. போட வழியிருந்தாலும் உறுதிமொழியை மீறியவர் மீது அவமதிப்பு நடவடிக்கை எடுக்கலாம் என்றது. 2011-ல் கன்வர் சிங் சைனி வழக்கில், டிகிரியை நிறைவேற்றிக்கொள்ள அவமதிப்பு மனுவை மாற்று வழியாகப் பயன்படுத்தக் கூடாது என்றது. எதிர்த்தரப்பு வக்கீல் இந்தக் கடைசித் தீர்ப்பைக் கட்டாயம் எடுத்து நீட்டுவார். இ.பி.யை முதலில் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் மூன்று கோரிக்கைகளில் ஃப்ளாட்தான் வலுவானது. “வேலை போய்விட்டது, கையில் காசில்லை” என்று பணத்துக்குச் சாக்குச் சொல்லலாம். தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட அவர் பணக்காரராக இருக்க வேண்டியதில்லை. அதனால் வேண்டுமென்றே மறுக்கிறார் என்று காட்டுவது இதில்தான் சுலபம். இன்னும் நல்ல செய்தி, அவர் கையெழுத்தே இல்லாமலும் வேலை முடியும். சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 21, விதி 34-ன்படி பத்திரத்தின் வரைவை நீங்கள் தாக்கல் செய்யலாம். அவருக்கு நோட்டீஸ் போகும். ஆட்சேபணை இருந்தால் நீதிமன்றம் கேட்கும். அப்புறமும் அவர் போடாவிட்டால், அவருக்குப் பதிலாக நீதிபதியோ அவர் நியமிக்கும் அலுவலரோ கையெழுத்துப் போட்டு, பத்திரம் பதிவாகும். அசல் பத்திரம் பேங்கில் இருக்கும் என்பதால் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை) கடிதத்துக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள். அவர் பெயரில் பாதிப் பங்கு இருக்கும் ஒவ்வொரு நாளும், அவருடைய வேறு கடன்காரர்கள் அதை ஜப்தி செய்ய வாய்ப்பிருக்கிறது. ஆகவே இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

3 லட்சத்துக்கு, அவருடைய சொத்து விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வைக்கக் கேளுங்கள். பிறகு வங்கிக் கணக்கையோ சம்பளத்தையோ ஜப்தி செய்யலாம். சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. கட்ட வசதி இருந்தும் ஏமாற்றுகிறார் என்று நிரூபித்தால் மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம். வெளியே வந்த பிறகும் கடன் அப்படியே நிற்கும். வெறுமனே கட்ட முடியாதவரைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று 1980-லேயே ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வீட்டுக் கடன் விஷயத்தில்தான் பலரும் அடிபடுகிறார்கள். உங்கள் விவாகரத்து வழக்கில் பேங்க் ஒரு தரப்பே இல்லை, அதனால் அந்த டிகிரி அவர்களைக் கட்டுப்படுத்தாது. நகலைக் கிளையில் கொடுத்தாலும் உங்கள் பெயர் கடனிலிருந்து நீங்காது. பேங்க் சம்மதித்து உங்களை விடுவிக்க வேண்டும், அல்லது அவர் தன் ஒருவர் பெயரில் வேறு கடன் வாங்கி இதை அடைக்க வேண்டும். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகும். அதன்பின், கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை விற்க பேங்குக்கு அதிகாரம் தரும் சர்ஃபேசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ் வரும். நீங்கள் காப்பாற்றப் பார்க்கும் ஃப்ளாட்டே ஏலத்துக்குப் போகலாம், உங்கள் சிபில் ஸ்கோரும் விழும். முடிந்தால் தவணையை நீங்கள் கட்டுங்கள். ரொக்கமாக வேண்டாம், உங்கள் கணக்கிலிருந்தே போகட்டும். ஒவ்வொரு ரசீதையும் வையுங்கள், அந்தத் தொகையை அவரிடமிருந்து கேட்க அதுதான் ஆதாரம். இதை இ.பி.யிலேயே கேட்கலாமா, தனி வழக்குப் போட வேண்டுமா என்பதை டிகிரியின் வாசகம் முடிவு செய்யும்.

காலக்கெடுவை மறக்காதீர்கள். பணம், சொத்து டிகிரிக்குப் பொதுவாக 12 வருடம் வரை இ.பி. போடலாம். அவமதிப்புக்கு, மீறல் நடந்த நாளிலிருந்து ஒரே வருடம். பத்திரம் எழுதித் தர வேண்டிய மூன்று மாதம் முடிந்து உங்களுக்கு ஐந்து மாதம் ஓடிவிட்டது. மீதி ஏழு மாதம். இந்த வாரமே ஒப்புகை அட்டையுடன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, 15 நாள் கொடுத்து, இ.பி. தாக்கல் செய்யுங்கள். உறுதிமொழி வரி டிகிரியில் இருந்து, இ.பி.யிலும் அவர் இழுத்தடித்தால், அந்த ஏழு மாதம் முடிவதற்குள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அவமதிப்பு மனு போடுங்கள். அதற்கு அட்வகேட் ஜெனரலின் (மாநில அரசின் தலைமை வக்கீல்) அனுமதி தேவையில்லை, அந்த அனுமதி நீதிமன்றத்தை இழிவுபடுத்துவது போன்ற குற்றவியல் அவமதிப்புக்குத்தான்.

வக்கீல் செலவுக்கு யோசித்தால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். டிகிரி நகல், சமரச மெமோ, கடன் கணக்கு ஸ்டேட்மென்ட், வில்லங்கச் சான்று நான்கையும் கையோடு கொண்டுபோங்கள்.