ஒரே பாக்கெட் தக்காளி விதை, ஏற்காட்டுல காய்க்குது, சேலத்துல பூ கொட்டுது!

கேள்வி: செரோக்கி பர்ப்பிள்ங்கற ஹெய்ர்லூம் (பாரம்பரிய ரக) தக்காளிய ஆன்லைன்ல விதையாவும் நாத்தாவும் ஆர்டர் பண்ணேன். நாத்து வரும்போதே வெளுத்து வாடிப்போச்சு. விதை நல்லா முளைச்சுது, ஆனா ஏப்ரல்ல பூவெல்லாம் கொட்டிடுச்சு. அதே பாக்கெட்ல பாதிய ஏற்காட்டுல இருக்கற அண்ணனுக்குக் குடுத்தேன், அங்க கொத்தா காய்ச்சிருக்கு. மறுபடி விதை வாங்கறதா, நாத்து வாங்கறதா?
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: ரெண்டுமே வாங்காதீங்கம்மா, விதை உங்க அண்ணன் தோட்டத்துலயே தொங்குது!

விதைமேல தப்பில்ல. தக்காளிக்கு பகல் வெயில் மட்டுமில்ல, ராத்திரி புழுக்கமும் ஆகாது, ராத்திரியும் 24, 25 டிகிரிக்குக் கீழ இறங்கலன்னா மகரந்தம் கெட்டு பிஞ்சு பிடிக்காம பூ காம்போட கழண்டு விழுந்துடும், சேலத்து ஏப்ரல் அப்படித்தான, ஏற்காடு 1500 மீட்டர் உயரம், அங்க ராத்திரி சில்லுனு இருக்கும். நீங்க செப்டம்பர்ல விதைங்க, பூக்கறப்ப நவம்பர் குளிர் வந்துடும். பெரிய பழ ரகம், நட்டு 80 நாள் கிட்ட ஆகும், பொறுமை வேணும்.

நாத்த கூரியர்ல வாங்கறது எனக்கு எப்பவுமே பிடிக்காது. இருட்டுப் பெட்டிக்குள்ள நாள் கணக்குல புழுங்கி தண்டு நூலாட்டம் நீண்டுடும், அதோட இலைச்சுருள் வைரஸும் கூடவே வந்து உங்க மத்த செடிக்கும் பரவலாம்.

ஹெய்ர்லூம்னா பழத்துல இருந்து எடுக்கற விதை தாய்ச்செடி மாதிரியே வரும், எஃப்1 ஹைபிரிட்ல, அதாவது ரெண்டு ரகத்த ஒட்டுசேத்து உண்டாக்கின விதையில, அது நடக்காது, அதனாலதான் இந்த ரகத்த ஒருதடவ காசு குடுத்து வாங்கினா போதும்னு சொல்றேன். அண்ணன்கிட்ட நோயில்லாத செடியா பாத்து நல்லா பழுத்த பழம் ரெண்டு கேளுங்க. இந்த ரகம் பழுத்தாலும் பளிச்சுனு சிவக்காது, மங்கலான ஊதா கலந்த சிவப்பா, காம்புகிட்ட பச்சையா இருக்கும், காய்னு நினைச்சு விட்டுடப் போறாரு. விதைய சதையோட ஒரு டம்ளர்ல வழிச்சுப் போட்டு ரெண்டு மூணு நாள் மூடி வைங்க, மேல வெள்ளையா ஆடை கட்டி புளிச்ச வாடை அடிக்கும், பயப்படாதீங்க, விதைய சுத்தி இருக்கற வழவழப்பு முளைப்ப தடுக்கும், அது கரையறதுக்குத்தான் இவ்ளோவும். அப்புறம் நல்லா அலசி, அடியில தங்கற விதைய மட்டும் எடுத்து தட்டுல பரப்பி நிழல்ல காயவைங்க, பேப்பர்ல போட்டா ஒட்டிக்கும். காஞ்சதும் ரகம் பேரும் வருஷமும் எழுதி டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சா நாலு வருஷத்துக்குக் கவலையில்ல.