வாசகர் கேள்வி–பதில்: கருணாநிதியின் 13 வெற்றிகள்

கேள்வி: கலைஞர் மு. கருணாநிதி முதன்முதலில் சட்டமன்றத்துக்குச் சென்றது எங்கள் குளித்தலையிலிருந்து என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தத் தேர்தலைப் பற்றிச் சற்று விளக்கமாகச் சொல்ல முடியுமா?
– வாசகர், குளித்தலை

பதில்: பெரியவர்கள் சொல்வது சரி. தி.மு.க. முதன்முதலாகக் களமிறங்கிய 1957 பொதுத்தேர்தல் அது. அன்று திருச்சி மாவட்டத்தில் இருந்த குளித்தலைத் தொகுதியில், காங்கிரஸ் வேட்பாளர் கே.ஏ. தர்மலிங்கத்தை எதிர்த்து நின்ற கருணாநிதிக்கு வயது 32. அவருக்கு 22,785 வாக்குகளும் தர்மலிங்கத்துக்கு 14,489 வாக்குகளும் கிடைத்தன, வித்தியாசம் 8,296. மாநிலம் முழுவதிலும் அந்தக் கட்சிக்கு அப்போது கிடைத்தவை 15 இடங்கள்தாம் என்பதை நினைத்துப் பார்த்தால், காவிரிக் கரையின் ஒரு விவசாயத் தொகுதியில் ஆளுங்கட்சியை இவ்வளவு தெளிவாக வென்றது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும்.

உங்கள் பகுதியினர் மறக்காமல் இருக்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. நங்கவரம் பண்ணையில் நிலத்தை உழுது பயிரிட்ட விவசாயிகளின் பிரச்சினையைப் பற்றித்தான் அவர் சட்டமன்றத்தில் தமது கன்னிப்பேச்சை நிகழ்த்தினார். முதல் முறையாகச் சபைக்குள் நுழையும் இளம் உறுப்பினர்கள் பலரும் பொதுவான கொள்கைப் பிரகடனத்தோடு தொடங்குவார்கள். அவர் தம்மைத் தேர்ந்தெடுத்த மக்களில் மிகவும் நலிந்தவர்களின் வழக்கோடு தொடங்கினார். ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வேலை எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்பதற்கு அதை நல்ல முன்மாதிரியாகவே நான் கருதுகிறேன்.

கேள்வி: 'தோல்வியே காணாத தலைவர்', 'தொடர்ந்து 60 ஆண்டுகள் சட்டமன்ற உறுப்பினர்' என்றெல்லாம் மேடைகளில் பேசுகிறார்கள். 1984 தேர்தலில் அவர் நிற்கவே இல்லையே! இது முழு உண்மையா, மிகைப்படுத்தலா?
– வாசகர், சென்னை

பதில்: இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். போட்டியிட்ட சட்டமன்றத் தேர்தல் எதிலும் அவர் தோற்றதில்லை என்பது முழு உண்மை. 1957 முதல் 2016 வரை 13 முறை நின்றார். 13 முறையும் வென்றார். 'தொடர்ந்து' என்ற சொல்தான் பிழை. இலங்கைத் தமிழர் பிரச்சினையை முன்வைத்து 1983-இல் அவரும் பேராசிரியர் அன்பழகனும் உறுப்பினர் பதவியைத் துறந்தார்கள். அடுத்த ஆண்டு அவர் மேலவை உறுப்பினரானார். 1984 இறுதியில் நடந்த பொதுத்தேர்தலில் நிற்கவில்லை. மேலவையும் 1986-இல் ஒழிக்கப்பட்டது. மறுபடியும் பேரவைக்குள் அவர் வந்தது 1989 தொடக்கத்தில். பிறகு 1991-இல் வென்றும், கட்சியின் படுதோல்விக்குப் பொறுப்பேற்று அந்த இடத்தை விட்டு விலகியதால், 1996 வரை மீண்டும் ஓர் இடைவெளி விழுந்தது. 2017-இல் கொண்டாடப்பட்ட சட்டமன்ற வைரவிழா, முதல் முறை உறுப்பினரான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நிறைந்ததற்கான விழா. அதற்குரிய பெருமை அதற்கு உண்டு. இல்லாத ஒரு தொடர்ச்சியை அதன்மேல் ஏற்றிச் சொல்லத் தேவையில்லை.

மேடைகளில் அதிகம் பேசப்படாத வேறொரு கணக்கைத்தான் நான் இதைவிட முக்கியமாக நினைக்கிறேன். அந்த 13 தேர்தல்களில் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தவை 1967, 1971, 1989, 1996, 2006 ஆகிய ஐந்து மட்டுமே. மீதி எட்டிலும், அதாவது 1957, 1962, 1977, 1980, 1991, 2001, 2011, 2016 ஆகிய ஆண்டுகளில், கட்சி எதிர்க்கட்சி வரிசையில்தான் உட்கார்ந்தது. அவர் மட்டும் தம் தொகுதியில் வென்றுகொண்டே இருந்தார். கட்சி ஜெயிக்கும்போது தலைவர் ஜெயிப்பது பெரிய செய்தியன்று. கட்சி விழும்போது தலைவரும் சேர்ந்து விழுவதுதான் நம் மாநிலத்தின் வழக்கம். 1962-இல் தி.மு.க. 50 இடங்களுக்கு வளர்ந்தபோதுகூட அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றார். 1967-இல் பெருந்தலைவர் காமராஜர் விருதுநகரில் 1,285 வாக்குகளில் தோற்றார். 1996-இல் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா பர்கூரில் தோற்றார். எம்.ஜி.ஆர். சட்டமன்றத் தேர்தலில் தோற்றதில்லை. ஆனால் 1967-இலிருந்து அவர் நின்ற தேர்தல்கள் எல்லாமே அவர் இருந்த கட்சி வென்ற தேர்தல்கள். இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டால்தான் கருணாநிதியின் தேர்தல் வரலாற்றின் உண்மையான எடை தெரியும்.

கேள்வி: 1980-இல் அண்ணா நகரில் அவர் மயிரிழையில் தப்பினார் என்றும், அந்த வெற்றி நீதிமன்றம் வரை போயிற்று என்றும் படித்திருக்கிறேன். என்ன நடந்தது?
– வாசகர், மதுரை

பதில்: அந்தத் தேர்தலின் பின்னணியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1980 ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் தி.மு.க.–இந்திரா காங்கிரஸ் கூட்டணி தமிழ்நாட்டின் 39 இடங்களில் 37-ஐ அள்ளியது. அடுத்த மாதமே எம்.ஜி.ஆர். அரசு கலைக்கப்பட்டது. அதே அலை சட்டமன்றத் தேர்தலிலும் வீசும் என்று கூட்டணித் தலைவர்கள் நம்பிக்கொண்டிருந்தபோது, சில மாத இடைவெளியில் மக்கள் தீர்ப்பை மாற்றி எழுதினார்கள். அ.தி.மு.க. 129 இடங்களோடு ஆட்சிக்குத் திரும்பியது; தி.மு.க. 37 இடங்களோடு நின்றுவிட்டது.

அண்ணா நகரில் கருணாநிதியை எதிர்த்தவர் மருத்துவர் எச்.வி. ஹண்டே. 51,290-க்கு எதிராக 50,591 வாக்குகள். வித்தியாசம் வெறும் 699. லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் எண்ணப்பட்ட ஒரு தொகுதியில் 350 பேர் கையை மாற்றி முத்திரை குத்தியிருந்தால், 'தோல்வியே காணாதவர்' என்ற பட்டம் அன்றோடு முடிந்திருக்கும்.

ஹண்டே தேர்தல் வழக்குத் தொடுத்தார். விளம்பரப் பதாகைகளுக்கான செலவைக் கணக்கில் காட்டவில்லை, அதைச் சேர்த்தால் செலவு வரம்பு மீறப்படுகிறது என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1983-இல் கருணாநிதிக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் செலவு வரம்பு மீறப்பட்டதா இல்லையா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. மனுவோடு இணைக்கப்பட்டிருந்த பதாகையின் புகைப்படம் மனுவின் பிரிக்க முடியாத பகுதி. எதிர்மனுதாரருக்குத் தரப்பட்ட நகலில் அந்தப் புகைப்படம் இல்லை. ஆகவே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 81(3) பிரிவு பின்பற்றப்படவில்லை என்ற அடிப்படையில் மனு தள்ளுபடியானது. தேர்தல் மனுவைத் தயாரிக்கும் வழக்கறிஞர்கள், இணைப்பு ஒவ்வொன்றுக்கும் நகல் இருக்கிறதா என்று சரிபார்ப்பதற்கு இந்தத் தீர்ப்பு இன்றைக்கும் ஒரு காரணம். ஒரு தரப்பினர் இதைக் 'குற்றமற்றவர் என்ற தீர்ப்பு' என்றும், மறுதரப்பினர் 'தப்பித்துக்கொண்டார்' என்றும் சொல்வதுண்டு. தீர்ப்பு இரண்டையும் சொல்லவில்லை.

கேள்வி: ஒரு தொகுதியில் நிலைத்து நிற்காமல் மாறிக்கொண்டே இருந்தாரே, அது தோல்வி பயத்தால்தானே?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அப்படி ஒரே வரியில் முடித்துவிட முடியாது, ஆனால் உங்கள் ஐயத்துக்கு ஆதாரமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். எண்களையே பார்ப்போம்.

குளித்தலைக்குப் பிறகு 1962-இல் தஞ்சாவூர். அங்கே எதிரே நின்றவர் காங்கிரசின் பரிசுத்த நாடார். பலமான அந்தப் போட்டியாளரை அவர் வென்றது 1,928 வாக்குகளில்தான். பயந்து ஒதுங்குபவர் தேர்ந்தெடுக்கும் களமாக அது எனக்குத் தோன்றவில்லை. 1967-இல் சென்னைக்கு வந்தார். அடுத்த ஒன்பது வெற்றிகளும் தலைநகரில்தான் கிடைத்தன. சைதாப்பேட்டையில் 20,482 வாக்கு வித்தியாசம் 1971-இல் 12,511 ஆகக் குறைந்தது. அதுவும் தி.மு.க. 184 இடங்களைப் பிடித்த ஆண்டில்! அண்ணா நகரில் 1977-இல் 16,438. 1980-இல் நாம் முன்பே பார்த்த 699. துறைமுகம் தொகுதியில் 1989-இல் 31,991. இரண்டே ஆண்டுகளில் அது 890 ஆயிற்று. சேப்பாக்கத்தில் 1996-இல் நெல்லை கண்ணனை 35,784 வாக்குகளில் வென்றவர், 2001-இல் அதே தொகுதியில் 4,834 வாக்குகளில் வென்றார்.

சென்னையின் நான்கு தொகுதிகளிலும் இரண்டாம் முறை நின்றபோது வித்தியாசம் சரிந்திருக்கிறது. அவற்றில் மூன்று சரிவுகள் மாநிலமே தி.மு.க.வுக்கு எதிராகத் திரும்பிய ஆண்டுகளில் நிகழ்ந்தவை. தொகுதியில் அவருடைய தனிச் செல்வாக்கு தேய்ந்தது என்பதைவிட, தலைநகர வாக்காளர் மாநில அலையோடு சேர்ந்து அசைந்தார் என்பதே பொருத்தமான விளக்கம். துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1991 ஜனவரியில் அவருடைய ஆட்சி கலைக்கப்பட்டது. மே 21-ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஒத்திவைக்கப்பட்ட வாக்குப்பதிவு ஜூன் மாதம் நடந்தபோது தி.மு.க. என்ற பெயரைச் சொல்லி வாக்குக் கேட்பதே பெரும்பாடாக இருந்தது. முந்தைய தேர்தலில் 150 இடங்களை வென்ற கட்சிக்கு 2 இடங்களே கிடைத்தன. அந்தச் சூழலில் காங்கிரசின் சுப்புவை எதிர்த்து 30,932 பேர் கருணாநிதிக்கு வாக்களித்தார்கள். என்னைக் கேட்டால், பிற்காலத்தின் பெரிய வித்தியாசங்கள் எல்லாவற்றையும்விட இந்த 890-தான் பெரிய வெற்றி.

நெருக்கத்தில் வென்ற பிறகு அண்ணா நகருக்கும் துறைமுகத்துக்கும் அவர் திரும்பவில்லை என்பது உண்மை. கூர்மையாகக் கணக்குப் போடும் அரசியல்வாதி அவர்; அந்தக் கணக்கில் இதுவும் இருந்திருக்கும். ஆனால் 2001-இல் சரிந்த பிறகும் 2006-இல் சேப்பாக்கத்திலேயே நின்றார். சுயேச்சை வேட்பாளர் தாவூத் மியாகானை 8,526 வாக்குகளில் வென்று ஐந்தாம் முறை முதலமைச்சரானார். நீங்கள் சொல்லும் பயம் மட்டுமே காரணம் என்றால் இந்த முடிவுக்கு விளக்கம் கிடைக்காது.

ஒரே தொகுதியில் நிலைத்திருப்பதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் கேரளத்தின் கே.எம். மாணியைப் பார்க்கலாம். 1965 முதல் 2016 வரை அவரும் 13 முறை வென்றார். எல்லாமே பாலா என்ற ஒரே தொகுதியில். (1965-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்தச் சபை கூடவே இல்லை என்பது வேறு கதை.) வெற்றிகளின் எண்ணிக்கை ஒன்றுதான், தன்மை வேறு. மாணியின் வெற்றி தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த குடும்பங்களோடு வளர்த்த உறவின் வெற்றி. மாநிலம் முழுவதும் பிரசாரத்துக்குச் சுற்ற வேண்டிய ஒரு கட்சித் தலைவருக்கு அப்படி ஒரே மண்ணில் வேர்விட அவகாசம் குறைவு. இரண்டில் எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் தொகுதி மக்களின் பக்கம் நின்று பார்த்தால், மாணியின் முறையில் அவர்களுக்குக் கூடுதல் பயன் உண்டு என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் படித்து வளர்ந்தவர், 87 வயதை நெருங்கும் வரை இங்கே நிற்கவில்லையே என்ற வருத்தம் எங்களுக்கு உண்டு. ஏன்?
– வாசகர், திருவாரூர்

பதில்: உங்கள் வருத்தத்துக்கு விடை தொகுதிப் பட்டியலில் இருக்கிறது. திருவாரூர் நீண்ட காலம் பட்டியல் வகுப்பினருக்கான தனித் தொகுதியாக இருந்தது. 2008-இல் தொகுதி மறுசீரமைப்பு முடிந்த பிறகுதான் அது பொதுத் தொகுதியாயிற்று. அதே சீரமைப்பில் பழைய சேப்பாக்கமும் திருவல்லிக்கேணியோடு இணைந்து உருமாறியது. சீரமைப்புக்குப் பின் நடந்த முதல் சட்டமன்றத் தேர்தலிலேயே, 2011-இல், அவர் உங்கள் ஊருக்கு வந்துவிட்டார்.

அங்கே கிடைத்த முடிவு மற்ற ஆறு தொகுதிகளிலிருந்தும் வேறுபட்டது. 2011-இல் தி.மு.க. 23 இடங்களுக்குச் சுருங்கிப் பிரதான எதிர்க்கட்சித் தகுதியைக்கூட இழந்தபோது, திருவாரூர் அவருக்கு 1,09,014 வாக்குகளையும் 50,249 வித்தியாசத்தையும் கொடுத்தது. 2016-இல் கட்சி மறுபடியும் ஆட்சியைத் தவறவிட்டது. ஆனால் அவருடைய வாக்குகள் 1,21,473 ஆகவும் வித்தியாசம் 68,366 ஆகவும் உயர்ந்தன. அவர் வாழ்நாளில் பெற்ற மிகப் பெரிய வித்தியாசம் அதுதான். இரண்டாம் முறை நின்றபோது வித்தியாசம் கூடிய ஒரே தொகுதியும் உங்களுடையதுதான்.

கேள்வி: அப்படி வென்ற பிறகு சட்டமன்றத்தில் அவர் பேசவே இல்லையே, அது தொகுதி மக்களுக்கு நியாயமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: நியாயமான கேள்வி. 1977-க்குப் பிந்தைய எதிர்க்கட்சித் தலைவர் கருணாநிதி, புள்ளிவிவரமும் சொல்வன்மையுமாக எம்.ஜி.ஆர். அரசைக் கேள்விமேல் கேள்வி கேட்டவர். அந்த உறுப்பினரோடு ஒப்பிட்டால் கடைசி இரண்டு பதவிக் காலங்களும் ஏறக்குறைய மௌனம்தான். சக்கர நாற்காலியோடு அமர்வதற்கு ஏற்ற இருக்கை வசதி அவையில் செய்து தரப்படவில்லை என்பது தி.மு.க.வின் குறை. மாநிலத்தின் மூத்த உறுப்பினருக்கு அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுப்பது எந்த அரசுக்கும் சிரமமான காரியமன்று; செய்திருக்க வேண்டும். 2016 இறுதியில் உடல்நலம் குன்றிய பிறகு அவையில் பங்கேற்கும் நிலையே இல்லாமல் போயிற்று. 92-ஆம் வயதில் ஒருவரை மறுபடியும் வேட்பாளராக நிறுத்திய கட்சி, தொகுதி மக்களுக்கு அவையில் ஒலிக்க வேண்டிய குரலைப் பற்றியும் யோசித்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. 2018 ஆகஸ்ட் 7-ஆம் தேதி மறைந்தபோது அவர் திருவாரூரின் உறுப்பினராகவே இருந்தார். 2019-இல் நடந்த இடைத்தேர்தலிலும் அந்தத் தொகுதி தி.மு.க.வையே தேர்ந்தெடுத்தது.