பலெர்மோ அரண்மனை: எந்த நாளில் போவது, எதைப் பார்ப்பது?

சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் நம்மவர்கள் பல பத்தாண்டுகளாக வாழ்கிறார்கள். பிள்ளையையோ சகோதரங்களையோ பார்க்க அங்கே போகும் திருகோணமலை வாசகர்கள் சிலர், நகரின் நடுவிலுள்ள நோர்மன் அரண்மனையைப் பற்றிக் கேட்டு எழுதியிருந்தார்கள். ஒன்றையொன்று ஒத்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

மகனுக்குப் புதன்கிழமைதான் லீவு. அன்றைக்குப் போனால் அரண்மனை முழுவதையும் பார்க்கலாமா?
(வாசகி, உவர்மலை)

புதனில் பாதிதான் கிடைக்கும். சிசிலியின் பிராந்தியப் பாராளுமன்றம் 1947 முதல் அந்தக் கட்டடத்துக்குள்தான் கூடுகிறது. கோணேசர் கோயிலுக்குப் போக பிரட்றிக் கோட்டையின் இராணுவ வாசலைத் தாண்டி நடக்கிறோமல்லவா, அதுபோல இங்கேயும் நாம் பார்க்கப் போவது ஒன்று, இடத்தை வைத்திருப்பவர் வேறு. அமர்வு நாட்களான செவ்வாய், புதன், வியாழனில் மேல்மாடியிலுள்ள அரச அறைகளை வெளியாருக்குத் திறப்பதில்லை. சீட்டின் விலை அன்று சற்றுக் குறையும், ஆனால் மொசைக் சித்திரங்கள் நிறைந்த ரோஜர் அறையும் பாராளுமன்றம் கூடும் ஹெர்க்குலிஸ் மண்டபமும் இல்லாமல் போய்விடும்.

முழுவதையும் பார்க்க வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் ஆகிய நான்கு நாட்களே உண்டு. எங்களைக் கேட்டால் வெள்ளி அல்லது திங்கள் என்போம். சனியில் கூட்டம், ஞாயிறில் நேரம் குறைவு. விசேட அமர்வு, அரச விருந்தினர் வருகை என்று இந்த ஒழுங்கு திடீரென மாறுவதுண்டு. முதல்நாள் இரவு அரண்மனையின் இணையத்தளத்தை மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

புதனை விட்டால் வேறு நாளே இல்லை என்றாலும் போகாமல் விடாதீர்கள். அங்கே பார்க்க வேண்டியதில் முக்கால் பங்கு அரண்மனைத் தேவாலயத்தில்தான் இருக்கிறது. அது புதனிலும் திறந்திருக்கும்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்குப் போனால் சரியா? மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்றும் சொல்கிறார்கள்.
(வாசகர், அன்புவழிபுரம்)

ஒன்பதரைதான் எல்லாவற்றிலும் மோசமான நேரம். ஞாயிறிலும் பெருநாட்களிலும் 8.30க்குத் திறந்து 12.30உடன் சீட்டு விற்பதை நிறுத்திவிடுவார்கள். இடையில் 9.45 அளவில் தேவாலயத்தில் பூசை தொடங்கும். அது முடிய ஏறக்குறைய ஒன்றரை மணிநேரம் ஆகும், அதுவரை பார்வையாளரை உள்ளே விடமாட்டார்கள். ஒன்பதரைக்குப் போகிறவர் வரிசையில் நின்று, சீட்டு எடுத்து, சோதனை முடித்து மேலே வரும்போது கதவு சாத்தியிருக்கும். எட்டேகாலுக்கே வாசலில் நில்லுங்கள். முடியாவிட்டால் முதலில் அரச அறைகளைப் பார்த்துவிட்டுப் பூசை முடியக் கீழே இறங்குங்கள். மற்ற நாட்களில் 8.30 முதல் மாலை 4.30 வரை சீட்டுக் கிடைக்கும்.

முதல் ஞாயிறு இலவசம் என்பது அரச அருங்காட்சியகங்களுக்கான திட்டம். இந்த அரண்மனைப் பார்வையை நடத்துவது பெடெரிகோ செக்கொந்தோ என்ற தனி அறக்கட்டளை. அந்தச் சலுகையை நம்பிப் போக வேண்டாம்.

எந்த வாசல்? சேலையோடு போகலாமா? செருப்பைக் கழற்ற வேண்டுமா?
(வாசகி, தம்பலகாமம்)

பார்வையாளர் வாசல் இந்திபெந்தென்சா சதுக்கப் பக்கம். மறுபக்கத்தில் பூங்காவும் சிலையுமாக இருக்கும் பாராளுமன்றச் சதுக்கம் பார்க்க அழகுதான், ஆனால் அந்த வாசல் உறுப்பினர்களுக்கானது. பலர் அங்கே போய்ப் பொலிசாரிடம் கேட்டுவிட்டுத் திரும்பச் சுற்றி நடக்கிறார்கள்.

சேலை மிக நல்லது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பதுதான் கட்டுப்பாடு. கையில்லாத சட்டையென்றால் முந்தானையால் தோளைப் போர்த்தினால் போதும். அரைக் காற்சட்டையோடு வரும் பெடியன்களுக்குத்தான் பிரச்சினை. செருப்புக் கழற்றத் தேவையில்லை. ஆண்கள் தேவாலயத்துக்குள் தொப்பியை எடுத்துவிட வேண்டும். விமான நிலையத்தைப் போலப் பையைச் சோதனைப் பொறிக்குள் விடுவார்கள் என்பதால், வெற்றிலைப் பையில் பாக்குவெட்டியோ சிறு கத்தியோ இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பெரிய பயணப்பெட்டியையும் கொண்டுபோகாதீர்கள்.

கிறிஸ்தவ ஆலயத்தின் கூரையில் அரபு எழுத்து இருப்பதாகப் படித்தேன். உண்மையா? எங்கே பார்ப்பது?
(வாசகர், கிண்ணியா)

உண்மைதான். பலெர்மோவை, வடபிரான்சிலிருந்து வந்த நோர்மன்கள் கைப்பற்றியது 1072இல். அதற்கு முன் ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டுகள் அது முஸ்லிம் ஆட்சியில் இருந்தது, அரண்மனை நிற்கும் மேட்டில் அமீர்களின் கோட்டை இருந்தது. 1130 நத்தார் தினத்தில் சிசிலியின் அரசனாக முடிசூடிய நோர்மன் வம்சத்து இரண்டாம் ரோஜர், அரபு, கிரேக்கம், இலத்தீன் மூன்றிலும் எழுதுவோரைத் தன் அரசவையில் வைத்திருந்தான். 1132 அளவில் அவன் தொடங்கிய இந்தத் தேவாலயத்திலும் மூன்றையும் காணலாம்.

நடுக்கூடத்தில் நின்று நேரே மேலே பாருங்கள். மரக்கூரை அது. சிறு சிறு குழிவு மாடங்களை அடுக்கடுக்காகத் தொங்கவிட்டதுபோன்ற அந்த வேலைப்பாட்டுக்கு முகர்னஸ் என்று பெயர். பள்ளிவாசல்களிலும் முஸ்லிம் அரசர்களின் மாளிகைகளிலும் காண்பது. நடுவில் எட்டு முனை நட்சத்திரங்கள் பத்துப் பத்தாக இரண்டு வரிசை. அவற்றின் ஓரங்களில் ஓடும் கூஃபி எனும் பழைய பாணி அரபு எழுத்துகள் வேதவசனங்கள் அல்ல. வெற்றி, செல்வம், நலம், நிலைபேறு என்று அரசனுக்கான வாழ்த்துச் சொற்கள். மாடங்களுக்குள் வாத்தியம் வாசிப்போர், ஆடுவோர், கோப்பையோடு இருப்போர், ஒட்டகம், யானை, சதுரங்கம் ஆடும் இருவர் எல்லாம் தீட்டப்பட்டிருக்கிறார்கள். தேவாலயத்தில் இவர்களுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். கட்டியவன் அதைத் தன் கொலுமண்டபமாகவும் வைத்திருந்தான் என்பதுதான் பதில். பலிபீடத்துக்கு எதிரே, மேற்குச் சுவரோரம் அவனுடைய சிம்மாசன மேடை இப்போதும் இருக்கிறது.

ஆனால் வெறுங்கண்ணுக்கு இந்த உருவங்கள் பிடிபடா. கூரை உயரம், படங்கள் சிறியவை. எட்டு மடங்கு பெரிதாக்கும் கைத்தூரநோக்கி ஒன்று கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் கைத்தொலைபேசிக் கமராவில் பெரிதாக்கிப் பார்க்கலாம். பிளாஷ் போடாதீர்கள். சுவரெங்கும் உள்ள பொன் மொசைக் என்பது கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் இடையே தங்கத்தாள் வைத்துச் செய்த சிறு துண்டுகள். ஒவ்வொன்றையும் சற்றே வேறு சாய்வில் சாந்தில் பதித்திருக்கிறார்கள். நாம் நடக்க நடக்க மினுக்கம் இடம் மாறுவது அதனால்தான். பிளாஷ் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பினால் படத்தில் வெள்ளைத் திட்டுதான் விழும்.

கூரைக்குப் பிறகு குவிமாடம். அங்கே கிறிஸ்துவைச் சுற்றி வானதூதர்கள், கீழே 1143ஆம் ஆண்டைச் சொல்லும் கிரேக்கக் கல்வெட்டு. நடுக்கூடச் சுவர்களில் படைப்பிலிருந்து தொடங்கும் பழைய ஏற்பாட்டுக் கதைகள் இலத்தீன் வரிகளோடு. பக்கக்கூடங்களில் பேதுரு, பவுல் வரலாறு. தரையையும் விட்டுவிடாதீர்கள், நிறக்கற்களை வெட்டிப் பொருத்திய கோலம் முழுக்க முஸ்லிம் கைவண்ணத்தின் சாயல். இத்தனைக்கும் முக்கால் மணிநேரமாவது வேண்டும். சுற்றுலாக் குழுக்கள் இருபது நிமிடத்தில் வெளியேறிவிடும். ஒரு குழு போய் அடுத்தது வருமுன் கிடைக்கும் இடைவெளியில் நின்று பாருங்கள்.

வெளியே வந்ததும் சுவரில் பதித்த ஒரு பளிங்குப் பலகையைத் தேடுங்கள். 1142இல் ரோஜர் செய்வித்த நீர்க்கடிகாரத்தைப் பற்றி மூன்று மொழியிலும் பொறித்தது. கடிகாரம் போய்விட்டது, பலகை இருக்கிறது.

இன்னொன்று. இதே ரோஜருக்காகத்தான் அரபுப் புவியியலாளர் அல்-இத்ரீஸி உலக வரைபடத்தோடு தன் புவியியல் நூலை 1154இல் முடித்தார். தெற்கு மேலே இருக்கும் அந்தப் படத்தில் நம் தீவு சரந்தீப் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அதை இந்த அரண்மனையில் தேட வேண்டாம், பிரதிகள் பாரிசிலும் ஒக்ஸ்போர்டிலும் இருக்கின்றன. அரபு வரிகள் தைத்த ரோஜரின் சிவப்பு மேலங்கி வியன்னாவில்.

எனக்கு முழங்கால் நோ. படிகள் அதிகமா?
(வாசகி, சாம்பல்தீவு)

தேவாலயம் முதலாம் மாடியில், அரச அறைகள் அதற்கும் மேலே. சிவந்த பளிங்குப் படிக்கட்டு அகலமானது, ஆனால் நீளம். லிப்ற் இருக்கிறது, கேட்டால்தான் அழைத்துப் போவார்கள், சீட்டு எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். மேலே ரோஜர் அறையில் சிறுத்தை, மயில், வில்லாளர், பேரீச்சை மரம் என்று முழுக்க வேட்டைக்காட்டு மொசைக். பெயர் ரோஜருடையது என்றாலும் வேலைப்பாடு அவனுக்குப் பின் வந்த வில்லியம் என்ற பெயருள்ள அரசர்களின் காலத்தது. மேல்மாடியில் ஒன்றை மட்டும் பார்க்கக் கால் இடம்கொடுத்தால் அதைப் பாருங்கள். மற்ற அறைகளின் பிற்கால ஓவியங்களையும் நாற்காலிகளையும் தவறவிட்டால் பெரிய நட்டமில்லை.

செரெஸ் என்ற குறுங்கோளை அங்கிருந்துதான் கண்டுபிடித்தார்களா?
(உயர்தர மாணவர், திருகோணமலை நகர்)

ஆம். அரண்மனையின் பீசா கோபுரத்தில் (பீசா நகரின் சாய்ந்த கோபுரமல்ல) 1790இல் நிறுவிய வானாய்வுக்கூடத்திலிருந்து ஜுசெப்பே பியாற்சி 1801 ஜனவரி 1ஆம் திகதி அதைக் கண்டார். கோபுரத்திலுள்ள கருவிகளின் காட்சிச்சாலை அரண்மனைச் சீட்டில் சேராது, தனியாக ஒழுங்கு செய்ய வேண்டும்.

அக்கா அழைப்புக் கடிதம் அனுப்புகிறா. பாரிசில் அண்ணாவையும் பார்க்க வேண்டும். எந்த நாட்டு விசா?
(வாசகர், நிலாவெளி)

இரண்டும் ஷெங்கன் நாடுகள், ஒரு விசா போதும். எந்த நாட்டில் கூடுதல் நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமென்றால் முதலில் இறங்கும் நாடு. இத்தாலியில் நான்கு நாள், பாரிசில் மூன்று வாரம் என்று வைத்துக்கொண்டு இத்தாலி விசாக் கேட்டால் மறுப்பு வரக்கூடும். கட்டணம் வளர்ந்தவருக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்குட்பட்டோருக்கு 45 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னதாகவோ, 15 நாளுக்குள்ளோ விண்ணப்பிக்க முடியாது. கடவுச்சீட்டு, ஷெங்கனிலிருந்து வெளியேறும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

ஒற்றை நுழைவு விசாவில் இடையில் லண்டனுக்குப் போனால் திரும்ப உள்ளே வர முடியாது. லண்டனுக்கு வேறு விசாவும் வேண்டும். அக்காவுக்கும் ஒரு கடமை இருக்கிறது: நீங்கள் வந்து 48 மணிநேரத்துக்குள், தன் வீட்டில் தங்குகிறீர்கள் என்று அங்குள்ள பொலிசுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். மறந்தால் தண்டம் அக்காவுக்கு.

அரண்மனைக்குப் பக்கத்தில் என்ன சாப்பிடலாம்? நாங்கள் சைவம்.
(வாசகி, உப்புவெளி)

பத்து நிமிட நடையில் பல்லாரோ சந்தை. அங்கே பானெல்லே கேளுங்கள்: கடலைமாவைத் தண்ணீரில் கிளறி, ஆறவைத்து, மெல்லிசாக வெட்டிப் பொரித்து, பாணுக்குள் வைத்துத் தருவது. எண்ணெய் எதற்கெல்லாம் பாவித்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அரன்சீனா என்ற சோற்று உருண்டையில் கவனம் வேண்டும். ‘அல் பூரோ’ என்றால் வெண்ணெய்தானே என்று வாங்குகிறார்கள், உள்ளே பன்றி இறைச்சி இருக்கும். கிண்ணியா, மூதூர் வாசகர்களுக்கும் இது பொருந்தும்.

அதே நாளில் மொன்றேயாலே ஆலயத்துக்கும், ரோசலியா மாதாவின் மலைக்கும் போக முடியுமா?
(வாசகர், பாலையூற்று)

மொன்றேயாலே முடியும். அரண்மனை வாசலுக்கு எதிரே இந்திபெந்தென்சா சதுக்கத்திலேயே 389ஆம் இலக்க பஸ் நிற்கும். சீட்டைப் புகையிலைக் கடையில் முன்கூட்டி வாங்கி, ஏறியதும் பொறியில் பதியுங்கள். பதியாத சீட்டு, சீட்டில்லாததற்குச் சமம். மொன்றேயாலே ஆலயத்தை மதியத்தில் மூடுவதால் காலையில் அரண்மனை, பிற்பகலில் ஆலயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரோசலியாவின் மலையான பெல்லெக்ரீனோ நகரின் மறுகோடியில். நம்மவர்கள், சைவர்கள் உட்பட, நேர்த்தி வைத்து ஏறும் இடம் அது. அதற்கு வேறொரு நாள் ஒதுக்குங்கள். ஜூலை 14 மாலை ரோசலியாவின் தேர் நகருக்குள் வரும், அரண்மனைப் பக்கத்து வீதிகளில் வாகனம் ஓடாது. தேர் பார்ப்பதென்றால் அன்றைக்கு அரண்மனையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.