வெளிநாட்டுக் குத்துச்சண்டை ரிங்கில் உள்ளூர் வீரரைப் பாயிண்ட்டில் ஜெயிப்பது ஏன் கஷ்டம்?

வியாசர்பாடி, ராயபுரம் பக்கம் பயிற்சி எடுக்கும் பசங்க வெளிநாட்டு போட்டிக்குக் கிளம்பும்போது கேட்கும் கேள்வி இது. முதல் காரணம் நடுவர்களின் காதில் விழும் சத்தம். ரவுண்டை ஜெயித்தவருக்கு 10 பாயிண்ட், தோற்றவருக்குப் பெரும்பாலும் 9. சரிசமமான ரவுண்டில் உள்ளூர்க்காரர் கையுறையில் தட்டினாலே அரங்கம் அலறும்; நீங்கள் விலாவில் இறக்கிய நல்ல குத்துக்கு ஒரு சத்தமும் வராது. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்துகள் பதித்தார், கொரியாவின் பார்க் சி ஹுன் 32. தீர்ப்பு 3-2 என்று கொரியருக்கே போனது. இன்னும் மனசு ஆறவில்லை.

அதனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அடிக்க வேண்டும்: தலை பின்னால் சாயும்படி நேர் குத்து, ரவுண்டின் கடைசி 30 விநாடியில் தொடர் தாக்குதல். ஒரு முறை வீழ்த்தினால் ரவுண்டு பொதுவாக 10-8 ஆகும். அதைப் புரட்டுவது கடினம்.

அடுத்தது எடை. போட்டிக்கு முன் உங்கள் எடைப் பிரிவின் வரம்புக்குள் வந்தாக வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் அரை மணி ஓடினால் கொட்டும் வியர்வை, குளிர் நாட்டில் வராது. கடைசி இரண்டு கிலோவை அங்கே போய்க் குறைக்கலாம் என்று விடாதீர்கள். பட்டினி கிடந்து குறைத்தால் மூன்றாவது ரவுண்டில் கால் நகராது. சொந்த எடை மெஷினைக் கொண்டுபோய், போய் இறங்கியதுமே அதிகாரப்பூர்வ மெஷினோடு ஒப்பிடுங்கள்.

நேர வித்தியாசத்துக்கு, ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்று கணக்கு வைத்து முன்கூட்டியே போங்கள். தொழில்முறைப் போட்டி என்றால் நடுநிலை நாட்டு நடுவர்கள், ரிங் அளவு, கையுறை வகை மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.